குமரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஓவியக் கூடம்: திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் யார் வருவார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. வில்லுக்குறிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்து, உள்ளூர் ஓவியர்கள் சிலர் சேர்ந்து கூடம் நடத்துகிறார்கள். திறப்பு விழா அன்று நிற்க இடமில்லை. அதற்குப் பிறகு நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம். கன்னியாகுமரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களில் கொஞ்சம் பேரையாவது இங்கே திருப்ப முடியாதா, ஓவியர் எப்போதும் கூடத்தில் இருக்க வேண்டுமா, நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தக் கூடம் யாருக்காக? அதை முடிவு செய்துவிட்டால் மற்ற மூன்றும் தானாகச் சுலபமாகும்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்னக் கூடங்களிலும் பள்ளி அரங்குகளிலும், சில சமயம் கல்யாண மண்டபங்களிலும் கண்காட்சி அமைத்துப் பழக்கம் உண்டு. பெரிய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்ததில்லை, உங்கள் கூடத்தை நேரில் பார்த்ததும் இல்லை. இவற்றை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சுற்றுலாக்காரர்கள். கன்னியாகுமரிக்கு வருபவரின் நாள் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. விடியலில் சூரிய உதயம், பிறகு அம்மன் கோயில், படகுக்கு வரிசை, விவேகானந்தர் பாறை, அங்கிருந்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக 133 அடி வள்ளுவர் சிலை, திரும்பி வந்தால் காந்தி மண்டபம், சாயங்காலம் அஸ்தமனம். நடுவில் சாப்பாடும் சங்கு, சிப்பி, வண்ண மணல் பாக்கெட் வாங்குவதும். வேனில் வருகிறவர்கள் வழியில் சுசீந்திரத்தில் இறங்குவார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் வேறு. இவர்களுடைய நேரம் ஓட்டுநர் கையில் இருக்கிறது. அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் இறங்குவார்கள். அவரை நிறுத்த வைக்க ஆகிற செலவைத் தாங்கிக்கொண்டு ஓவியக் கூடம் நடத்த முடியாது. ஆகவே கடற்கரைக் கூட்டத்தை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்கள். அது உங்களிடமிருந்து சில கிலோமீட்டர்தான். மரவேலையையும் பழைய கட்டடத்தையும் பார்க்கவென்றே புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர்களும் உண்டு. அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அதனால் உள்ளே எதுவும் வைக்க நம்மூர் அதிகாரிகளிடம் அலைந்து பயனில்லை. வெளியே வண்டி நிறுத்துகிற இடத்து டீக்கடையிலும் இளநீர்க் கடையிலும் ஒரு சின்ன அட்டை, அதில் வழிக்குறிப்பும் திறந்திருக்கும் நேரமும் இருந்தால் போதும். இன்னொன்று: அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இருப்பார்கள். கூடங்கள் பொதுவாகத் திங்களன்று மூடியிருக்கும். நீங்கள் திங்களன்று திறந்து வையுங்கள், செவ்வாய் மூடுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாத சோதனை.

இனி முக்கியமான ஆட்களுக்கு வருவோம். உங்கள் பார்வையாளர்கள் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். அவர்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு "நம்ம ஆட்களுக்கு ரசனை இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மயிலாடியில் உளிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள், தோவாளையில் அரளிப் பூவை மடித்து அடுக்கி மாணிக்கமாலை கட்டுகிறவர்கள், டிசம்பர் வந்தால் தெருவுக்குத் தெரு போட்டி போட்டுக் கிறிஸ்துமஸ் குடில் அமைக்கிற பையன்கள் எல்லாரும் இருக்கிற மாவட்டம் இது. கண்ணும் கையும் இருக்கிறது. கூடத்துக்குப் போய்ப் படம் பார்க்கும் பழக்கம்தான் இல்லை, அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆகியவற்றின் தென்கோடி. அரசர் காலத்துக் கலைக்கூடம், 1935-இல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம், ரவிவர்மாவின் மூலப் படங்களோடு திருவனந்தபுரத்திலேயே நின்றுவிட்டது. நமக்கு வாய்த்த புதிய தலைநகரமான சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளி. தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையமும் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் சென்னைப் பக்கம். குமரி ஓவியருக்கு நல்ல கூட்டம் கிடைக்கிற ஊர் 70 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆனால் அது வேறு மாநிலம். இந்த இடைவெளியில்தான் நீங்கள் கடை போட்டிருக்கிறீர்கள். ஒரு விழாவால் அது நிரம்பாது.

விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, ஏழெட்டு வாழ்த்துரை, நடுவில் நூறு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மேடையைப் பார்க்கிறார்கள், படங்கள் அவர்களுடைய முதுகைப் பார்க்கின்றன. பேச்சு முடிந்ததும் வடையும் காபியும், அப்புறம் வீடு. வந்தவர்களில் பாதிக்கு மேல் ஓவியர்களின் சொந்தக்காரர்கள். அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு அடுத்த நாளை எடை போடுவது நியாயமில்லை. நாளைக்கு நாலு பேர் என்பதுதான் உங்கள் உண்மையான தொடக்கம்.

அந்த நாலு பேர் உள்ளே வந்து என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பெயர்பெற்ற ஓவியங்களின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001-இல் ஒரு ஆய்வு வந்தது. சராசரி 27 விநாடி, பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அங்கேயே அப்படியென்றால், நம் கூடத்தில் ஒருவர் பத்து விநாடி பார்த்துவிட்டு நகர்ந்தால் மனம் உடையத் தேவையில்லை. ஆனால் சுவர் முழுக்க நாற்பது படம் மாட்டினால் அந்தப் பத்து விநாடியும் இரண்டாகச் சுருங்கும். ஒரு சுவருக்கு மூன்று அல்லது நான்கு போதும். உறுப்பினர் எல்லாருடைய படமும் எப்போதும் சுவரில் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் சண்டை வரும். முறை வைத்து மாற்றுங்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம் என்பது பல கூடங்களில் வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் இரண்டு மூன்று அங்குலம் இறக்கலாம். நம் வீடுகளில் காலண்டரையும் தாத்தா படத்தையும் நிலைக்கு மேலே மாட்டிப் பழகிய கை தானாக மேலே போகும், அளந்து மாட்டுங்கள். பெயர்ச்சீட்டில் ஓவியர் பெயர், எதனால் வரைந்தது, எந்த ஊரைப் பார்த்து வரைந்தது, இவ்வளவு போதும். கவிதை வேண்டாம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காக மலையாளத்திலும் ஒரு வரி இருந்தால் நல்லது.

ஓவியர் கூடத்தில் இருக்க வேண்டுமா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருக்க வேண்டும், ஆனால் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காரக் கூடாது. உள்ளே நுழைகிறவருக்கு அது நகைக்கடையில் நுழைந்த மாதிரி ஆகிவிடும். ஏதாவது வாங்காமல் போனால் மரியாதையில்லையோ என்று கூச்சப்பட்டு வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். குறிப்பாகப் பெண்கள் இரண்டு பேராக வந்தால் இது நிச்சயம் நடக்கும். ஒரு மூலையில் மேசை போட்டு ஓவியர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். வருகிறவர் சுவரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் மேசைக்குத்தான் வந்து நிற்பார். வேலை நடப்பதைப் பார்க்க யாருக்கும் கூச்சமில்லை. முதல் கேள்வி எப்போதும் "இது நீங்களே வரைஞ்சதா?" இரண்டாவது "எத்தனை நாள் ஆச்சு?" மூன்றாவது "இதுக்கு என்ன விலை?" கேலியாகத் தோன்றும், ஆனால் மூன்றும் நல்ல கேள்விகள். ஒரு கொத்தனாரிடமும் தச்சரிடமும் கேட்கிற அதே கேள்விகள் அவை. ஓவியரையும் வேலைக்காரராக மதித்துக் கேட்கிறார்கள். பதிலும் அப்படியே நேராக இருக்கட்டும்.

"இது என்ன?" என்று ஒரு அரூப ஓவியத்தைக் காட்டிக் கேட்பார்கள். அங்கே ஓவியர்கள் இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். ஒருவர் கால் மணி நேரம் தத்துவம் பேசுவார், இன்னொருவர் "உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான்" என்று தப்பித்துக்கொள்வார். நடுவில் ஒரு வழி உண்டு. முதலில் எந்த நிறத்தை வைத்தேன், பிறகு எதை அழித்தேன், ஏன் இந்த மூலையைக் காலியாக விட்டேன் என்று வேலையைப் பற்றிச் சொல்லலாம். கேட்டவர் படத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வைதான் நமக்கு வேண்டியது.

இதைவிட மதிப்புள்ள பார்வையாளர் தப்பைச் சுட்டுகிறவர். ஒரு கண்காட்சியில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுக்கிற காட்சியைப் பெரிய கேன்வாஸில் போட்டிருந்தார் ஒரு ஓவியர், நல்ல தேர்ச்சியுள்ளவர். முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, கயிறை இப்படிப் பிடிச்சா வலை வராது, கைதான் அறுக்கும்" என்றார். ஓவியருக்கு முகம் சுண்டியது. ஆனால் அடுத்த நிமிஷம் ஒரு தாளை நீட்டி, எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். இருவரும் துண்டைக் கயிறாக வைத்துக்கொண்டு அங்கேயே இழுத்துப் பார்த்தார்கள். அந்த மனிதர் அடுத்த முறை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். சொன்னது கேட்கப்பட்ட இடத்துக்கு ஆள் திரும்பி வருவார். வருகைப் பதிவேட்டில் "மிக அருமை, வாழ்த்துகள்" என்று பக்கம் பக்கமாக நிரம்புவதால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அதற்குப் பதிலாக, "இதில் எதை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவீர்கள், எதை மாட்டவே மாட்டீர்கள்?" என்று கேட்டு ஒரு சீட்டு கொடுங்கள்.

திரும்பி வர வைப்பதற்குப் பள்ளிகள் முக்கியம். அரசுப் பள்ளிகளில் 2012-இல் சேர்ந்த பகுதிநேரச் சிறப்பாசிரியர்களில் ஓவிய ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் நல்ல ஓவியர்கள், காட்சிக்கு வைக்க இடமில்லாதவர்கள். அவர்களை உறுப்பினர் ஆக்குங்கள், பிள்ளைகள் பின்னால் வருவார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் எழுதுகிற மாணவர்களுக்கு ஞாயிறு மாலை உங்கள் மேசையைத் திறந்துவிடுங்கள். ஒரு வகுப்பே வந்தால் பத்துப் பத்தாகப் பிரித்து உள்ளே விடுங்கள். கையில் பென்சிலும் தாளும் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு கையை அல்லது ஒரு மரத்தை மட்டும் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரைகிற பிள்ளை ஓடாது. அதன் தாளை ஒரு வாரம் சுவரில் ஒட்டி வைத்தால் அப்பாவும் அம்மாவும் பாட்டியும் வருவது உறுதி. திறக்கும் நேரம் மாலை 4 முதல் 8 வரை இருக்கட்டும். காலை பத்து முதல் ஐந்து என்பது அலுவலக நேரம், அப்போது நம்மூரில் படம் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. ஞாயிறு காலை பலர் ஆலயத்தில் இருப்பார்கள், மாலை நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்திலும் பள்ளிக் கோடை விடுமுறையிலும் வீடு வருகிறார்கள். படம் வாங்குகிற சக்தியும், திரும்பிப் போகும்போது ஊரின் நினைவாக எதையாவது கொண்டுபோகும் ஆசையும் அவர்களுக்கு உண்டு. பெட்டியில் வைக்கிற அளவில், சட்டம் போடாத தாள் ஓவியங்களையும் அஞ்சலட்டைகளையும் அப்போது தயாராக வைத்திருங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆள் கூட்டுமா என்றால், என் அனுபவத்தில் விருப்பக்குறி நிறைய வரும், நேரில் ஆள் குறைவாக வரும். வேறு ஊரில் வேறு விதமாக இருக்கலாம்.

கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், மூன்று பக்கம் இல்லாவிட்டாலும் இரண்டு பக்கம் கடல். ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கும், இங்கே ஜூன், ஜூலையில் அது சாதாரணம். பழைய வீட்டின் வெளிச்சுவர் மழையில் ஊறும். அந்தச் சுவரில் கேன்வாஸைச் சாத்தி மாட்டினால் பின்பக்கம் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடும், முன்னால் தெரியும்போது காலம் கடந்திருக்கும். உள்சுவர்களில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள். நீர்வண்ணப் படங்களில் கண்ணாடி தாளைத் தொடவே கூடாது, நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வேண்டும். சாதாரண ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒரு நாள் படத்தோடு விழும், துருப்பிடிக்காத திருகாணி வாங்குங்கள். ஏசி வைத்திருந்தால் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவதைவிட, ஏசியே இல்லாமல் மின்விசிறியும் ஜன்னலும் மேல். ஈரமும் வெப்பமும் ஏறி இறங்குவதுதான் படத்துக்கு அதிகக் கேடு. தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வெளிச்சம் என்பது அருங்காட்சியகக் கணக்கு. உங்களுக்கு அவ்வளவு கறார் வேண்டாம், ஆனால் மேற்கு ஜன்னலின் வெயில் நீர்வண்ணத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம், காகிதம். பெருநகரத் தனியார் கூடங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பது வழக்கம். நீங்கள் அதில் பாதியோ அதற்கும் கீழோ எடுக்கலாம். ஆனால் ஓவியரிடம் சுவர் வாடகை வாங்காதீர்கள். வாடகை வாங்கிவிட்ட கூடத்துக்குப் படத்தை விற்கும் அக்கறை போய்விடும். விலையைப் பெயர்ச்சீட்டில் போடாமல் மேசையில் ஒரு பட்டியலாக வைக்கலாம். ஆனால் கேட்பவரின் சட்டையைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் வேண்டாம். ஓவியரிடமிருந்து படத்தைக் காட்சிக்கு வாங்கும்போது இன்ன படம், இன்ன நிலையில், இன்ன விலைக்கு, இன்ன தேதி வரை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். படத்தை விற்றாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை மாற்றிக் கொடுக்க எழுத்து வேண்டும், எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அஞ்சலட்டை அச்சடிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: ஒருவர் காசு கொடுத்து, "என் அம்மாவை வரைந்து கொடுங்கள்" என்று சொல்லி வரைந்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை காசு கொடுத்தவருக்குத்தான். அமைப்பாகப் பதிய வேண்டுமென்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் 7 பேர் போதும். வரி விஷயத்துக்கு ஆடிட்டரிடம் போங்கள், அது என் துறை இல்லை.

கடைசியாகக் கட்டணம். வைக்காதீர்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் வாசலில் சீட்டுக் கிழிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைப் பார்த்தே பாதிப் பேர் தயங்குவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாளைக்கு நாலு தடவை ஓடி வருவதும் நின்றுபோகும். பயிற்சி வகுப்புக்குக் காசு வாங்கலாம், அதில் தப்பில்லை. சுவரில் இருப்பதைப் பார்ப்பது இலவசமாக இருக்கட்டும். வெளியே போகிற வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வையுங்கள், வாசலில் வேண்டாம். சனிக்கிழமைதோறும் இரண்டு உறுப்பினர்கள் முன்னால் திறந்து எண்ணி, அந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்தக் கண்காட்சியைத் தொடர்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.